இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை

குன்மிங்,
மார்ச் 4, 1985

அன்புள்ள பைச்செங்,

முதலில் நல்ல செய்தி. உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் எதையாவது தட்டிக் கவிழ்த்துவிடுவாய். எங்கள் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் ஓர் இடம் காலியாகிறது. துறைத் தலைவர் மோ என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் இன்னும் அந்த பம்பு ஆலையிலதான் மொழிபெயர்த்துக்கிட்டு இருக்காரா? இங்க வரச் சொல்லுங்களேன்" என்றார். நான் யோசிக்கவே இல்லை, "வருவார்" என்று சொல்லிவிட்டேன். உன்னை அனுப்பும்படி கல்லூரி உங்கள் ஆலைக்கு எழுதிவிட்டது. இனி ஆலை உன்னை விட வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்குவதற்குள் நீ வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

படிப்பு முடிந்ததும் உன்னை வடக்கே லுவோயாங்கிலும் என்னைத் தெற்கே இங்கேயும் வேலைக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து வருடத்தில் ஒரு மாதம் மட்டும் குடும்பம் நடத்துகிறோம். மான்மானுக்கு ஆறு வயதாகிவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அப்பா குளிர்காலத்துல மட்டும்தான் வருவாரு. வெயில் பட்டா கரைஞ்சிடுவாரு." கேட்டுச் சிரித்தேன். அப்புறம் அரிசி கழுவும்போது அழுதேன்.

இன்னொரு விஷயம். ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளுக்காக ஒரு பதிப்பகம் சொற்கையேடு போடுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், எப்படிப் பயன்படுத்துவது, நம்மவர்கள் செய்யும் தவறு, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். 'ஏ' எழுத்து என் பொறுப்பு. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். 'ஆட்டானமி' வந்ததும் வண்டி நின்றுவிட்டது. நம் மொழியில் அதற்கு மூன்று சொற்கள் சொல்கிறார்கள். தன்னைத் தானே ஆளுவது என்பது தேசப்படத்தில், சில மாகாணங்களின் பெயரோடு இருக்கிறது. தனக்குத் தானே எஜமான் என்பது திருமணச் சட்டத்தில் இருக்கிறது. இப்போது ஆலைகளுக்கும் வந்துவிட்டதாகப் பத்திரிகையில் போடுகிறார்கள். தன்னைத் தானே அடக்குவது என்பது எங்கள் மாணவர் விடுதிச் சுவரில் இருக்கிறது, 'எச்சில் துப்பாதே' என்பதற்குக் கீழே. மூன்றையும் எழுதிவைத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போகிற ஒரு மனிதனின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டும். உங்கள் ஆலையிலிருந்து ஒன்று அனுப்பு.

மேலாளரிடம் உடனே பேசு. மழுப்பாதே.

யூலிங்


லுவோயாங்,
மார்ச் 19, 1985

அன்புள்ள யூலிங்,

உட்கார்ந்துதான் படித்தேன். ஆனாலும் தேநீர் கவிழ்ந்தது.

எடுத்துக்காட்டு கேட்டாயே, இந்தா. எங்கள் ஆலைக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்துவிட்டது. புதிய மேலாளர் ஃபெய் மேடையேறி, "இனிமே மேல இருந்து யாரும் நமக்குச் சொல்ல மாட்டாங்க. நாமளே முடிவு பண்ணுவோம்!" என்றார். கைதட்டினோம். எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் அவர் கையைக் காட்டும் வரை தட்டினோம். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகை தொங்கியது. இனி வாரம் முழுவதும் முட்டைக்கோஸ் கொழுக்கட்டைதானாம். சமையல்காரரிடம் கேட்டேன்.

"இதை யாரு முடிவு பண்ணது?"

"நாமதான்," என்றார் அவர். "உனக்குத் தெரியாதா?"

ஆக, உன் வாக்கியம்: 'எங்கள் ஆலைக்கு ஆட்டானமி கிடைத்துவிட்டதால் நாங்கள் இனி முட்டைக்கோஸ் சாப்பிடுகிறோம்.' பதிப்பகம் ஒத்துக்கொண்டால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

ஃபெய்யைக் குறை சொல்லக்கூடாது. வயது என்னைவிடக் குறைவு, சுறுசுறுப்பானவர், கோப்புகளைத் தூங்கவிடுவதில்லை. நிச்சயம் பேசுகிறேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம் இன்னும் பாதி பெட்டியிலேயே இருக்கிறது. அதன் ஆங்கிலக் குறிப்புகளைப் படிக்க என்னை விட்டால் ஆளில்லை. இந்த நேரத்தில் போய் நின்று "நான் கிளம்புறேன்" என்றால் நன்றாகவா இருக்கும்? சோதனை ஓட்டம் முடியட்டும். நீ அனுப்பிய தேயிலையில் ஒரு டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், அவரைப் பார்க்கப் போகும்போது கொடுக்க.

மான்மானிடம் சொல், அப்பா வெயிலில் கரைய மாட்டார் என்று. செப்டம்பரில் வந்து முற்றத்தில் நின்று காட்டுகிறேன்.

உன் பைச்செங்


குன்மிங்,
ஏப்ரல் 6, 1985

பைச்செங்,

முட்டைக்கோஸ் வாக்கியத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் சிரித்தார்கள். பிறகு, ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரி எழுதினார்கள்: 'எங்களுக்கு ஆட்டானமி கொடுத்த தலைவர்களுக்கு நன்றி.' சிலர் தலைவர்கள் என்ற இடத்தில் பெற்றோர் என்று போட்டிருந்தார்கள்.

"இதுல என்ன தப்பு, டீச்சர்?" என்றாள் தியன். முன்வரிசையில் உட்கார்ந்து என்னைத் தூங்கவிடாத பெண் என்று எழுதியிருந்தேனே, அவள்தான்.

"இலக்கணத்துல தப்பில்ல. ஆனா அவங்க குடுத்தாங்கன்னா, நாளைக்கு அவங்களே திருப்பி வாங்கிக்கிட்டா?"

"நாமளும் நன்றியைத் திருப்பி வாங்கிக்கலாம், டீச்சர்."

மறுபடி சிரிப்பு. அவள் உட்காரவில்லை. "எங்கம்மா நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே வாத்தியாரா வரணும்ங்கறாங்க. எனக்கு வேற ஊருக்குப் போகணும். சொன்னா அழுவாங்க. 'அழட்டும், எனக்கென்ன'ன்னு போறதுதான் ஆட்டானமியா?"

"இல்ல. அவங்க அழும்போது பக்கத்துல உக்காந்து கண்ணத் துடைச்சு விடலாம். ஆனா உனக்கு வேணும்னா வேணும்னு சொல்லணும். போறது, போகாதது அப்புறம். உன் வாயால சொல்றது முதல்ல."

சொல்லிவிட்டு எனக்கே வியப்பாக இருந்தது. அகராதிகளில் தேடியது வாயில் வந்து நின்றது. யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக நிற்பதுதான் அது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஊன்றுகோலோடு நடப்பவருக்கும் எங்கே போவது என்பது தன் முடிவாக இருக்கலாம் அல்லவா? இதைக் கையேட்டில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு மட்டும் பாக்கி.

சாயங்காலம் 'தானே படிக்கும் நேரம்.' வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டியது நான். தானாகப் படிக்கிறார்களா என்று காவலுக்கு ஒருத்தி! என் பிழைப்பு இப்படிப் போகிறது.

இப்போது உன் கதை. சோதனை ஓட்டம், பெட்டி, தேயிலை டப்பா எல்லாம் படித்தேன். எனக்கு, என் அக்கா வீட்டில் நீ முதன்முதலாகச் சாப்பிட்ட நாள்தான் ஞாபகம் வந்தது. அக்கா "இன்னொரு கிண்ணம் போடட்டா?" என்று கேட்டாள். நீ "வேணாம், வேணாம், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றாய். அவள் சட்டியை மூடிவிட்டாள். அக்கா எதையும் ஒரு தடவைதான் கேட்பாள், அவள் சுபாவம் அது. அன்று பசியோடு படுத்தாய். அப்புறம் நான் உனக்கு யாருக்கும் தெரியாமல் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். அப்போது அது எனக்குச் செல்லமாகத்தான் இருந்தது.

ஃபெய்யிடம் போய், "எனக்குப் போகணும்" என்று சொல். அதற்கு முன்னால் ஒன்றும் வேண்டாம், பின்னால் ஒன்றும் வேண்டாம்.

யூலிங்


லுவோயாங்,
ஏப்ரல் 28, 1985

அன்புள்ள யூலிங்,

பேசிவிட்டேன். நல்லபடியாக நடந்தது என்றே நினைக்கிறேன்.

அவரே கூப்பிட்டனுப்பினார். உங்கள் கல்லூரியின் கடிதம் மேசைமேல் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குன்மிங் கல்லூரிக்காரங்க உங்களைக் கேக்கறாங்க, ஜுவாங். நீங்க இங்க இருந்தா எனக்கு நல்லது. ஆனா கட்டாயமில்ல. போகணுமா, இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

யூலிங், இப்படி ஒரு மேலாளர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. "என்னால ஆலைக்குக் கஷ்டம் வரக் கூடாது. ஆலை எப்படிச் சொல்லுதோ அப்படி" என்றேன்.

"அப்ப இருக்கீங்களா?"

"நான் என்ன சொல்றது... நீங்க பார்த்து..."

"ரொம்ப நல்லது!" என்று எழுந்து வந்து கையைக் குலுக்கினார். தேயிலை டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை. அப்படி நேர்மையான மனிதர்.

நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனால் நீயே சொல், கேட்டவுடனே "போறேன்" என்று சொல்வது ஒரு மனிதர் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இல்லையா? நம் ஊரில் முதல் தடவை கேட்டால் யார் ஒப்புக்கொள்கிறார்கள்? அவர் மறுபடியும் கேட்பார். அதற்காக வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருக்கிறேன்: "வீட்டுல குழந்தை சின்னவ." அதைச் சொன்னால் அவருக்கும் மனம் நோகாது, நமக்கும் காரியம் ஆகும். அன்றே கூப்பிடுவார் என்று நினைத்துக் கதவு வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். கூப்பிடவில்லை. வேலை நெருக்கடி. இந்த வாரம் கூப்பிடுவார்.

தியனிடம் நான் விசாரித்ததாகச் சொல். கெட்டிக்காரி.

உன் பைச்செங்


குன்மிங்,
மே 20, 1985

தோழர் ஜுவாங்,

உங்கள் ஆலையின் பதில் கல்லூரிக்கு வந்துவிட்டது. அதைப் படித்துக்காட்ட மோ என்னைக் கூப்பிட்டார். 'சம்பந்தப்பட்டவர் தாமே முன்வந்து ஆலையிலேயே தொடர விரும்புகிறார்.'

"உங்க வீட்டுக்காரரே இருக்கேன்னு சொல்லிட்டாராமே," என்றார் மோ. "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையா?"

பேராசிரியர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் என்ன சொல்வது? என் கணவர், 'வேண்டும்' என்பதை 'வேண்டாம்' என்றுதான் சொல்வார், நீங்கள் விடாமல் கேட்க வேண்டும் என்றா? "அவருக்கு வேலையில ஈடுபாடு அதிகம்" என்றேன். வெட்கத்தில் காது எரிந்தது. குய்யாங்கிலிருந்து ஒருவர் விண்ணப்பித்திருக்கிறாராம், அவரை எடுக்கப் போகிறார்கள்.

ஃபெய் நேர்மையானவர்தான். உன்னைக் கேட்டார், நீ சொன்னதை நம்பினார். என் அக்கா மாதிரி.

நான் தயங்காமல் "வருவார்" என்று சொன்ன மார்ச் மாதத்து முட்டாளை நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் போ. அவர் கூப்பிட வேண்டியதில்லை. உனக்குக் கால் இருக்கிறது.

ரான் யூலிங்


லுவோயாங்,
ஜூன் 3, 1985

யூலிங்,

போனேன். கூப்பிடாமலேயே போனேன். அதை மட்டுமாவது கணக்கில் வைத்துக்கொள்.

ஃபெய்க்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நான் கேட்டேன்ல, ஜுவாங்? 'போகணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே கையெழுத்து போட்டிருப்பேனே!"

"நீங்க மறுபடியும் கேப்பீங்கன்னு..."

"எதுக்கு மறுபடி கேக்கணும்? நீங்க என்ன குழந்தையா?"

அவர் பேனாவை மூடினார். "இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. நகர நிர்வாகத்துக்கு உங்க பேரை அனுப்பியாச்சு."

எந்தப் பெயர் என்று கேட்கிறாயா? இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. மே மாதக் கூட்டத்தில் என்னை முன்மாதிரித் தொழிலாளியாக அறிவித்தார்கள். வாயிலில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறது: 'குடும்பம் தொலைவில் இருந்தும் ஆலையைத் தாமே தேர்ந்தெடுத்தார்.' என் சட்டையில் காகிதப் பூ குத்தி மேடையில் நிறுத்தினார்கள். பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வெளியே வந்தது நன்றியுரை. இரண்டு நிமிடம் பேசினேன், யூலிங். என் விருப்பப்படியே இங்கே இருக்கிறேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். முன்வரிசையில் சமையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் கூடத்தில் நான் சொன்னதை நம்பாத ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் எனக்குப் பிரியமாக இருந்தது.

சரி, எல்லாம் கெட்டுப்போகவில்லை. நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்து ஃபெய்யே ஒரு வழி சொன்னார். "உங்க மனைவியை இங்க வரச் சொல்லுங்க. ஆலைப் பள்ளியில ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்ல. ரெண்டு அறை வீடு தர்றேன், தண்ணிக் குழாய் உள்ளேயே இருக்கு. அவங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க" என்றேன். இந்த முறை தயங்கவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். உனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளியில் உன் பெயரை எழுதிக்கொண்டார்கள். வீட்டின் சாவியை வாங்கிவிட்டேன். தெற்குப் பார்த்த ஜன்னல். மான்மானுக்கு ஒரு சின்னக் கட்டில் சொல்லியிருக்கிறேன், தச்சுப் பிரிவில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மூவரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம். எந்த ஊர் என்பதா முக்கியம்?

பைச்செங்


குன்மிங்,
ஜூன் 17, 1985

பைச்செங்,

இந்தக் கடிதத்தை ஆறப்போட்டு எழுதுகிறேன். முன்னே எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டாயிற்று. அவை என் கோபத்துக்கு நன்றாக இருந்தன, உனக்கு உதவியிருக்காது.

உன் விஷயத்தில் உனக்கு நாக்கு எழவில்லை. என் விஷயத்தில் கேட்ட மாத்திரத்தில் எழுந்தது. இதைவிட என்னை நோகடித்தது வேறில்லை. நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். வகுப்பு, கையேடு, தியன் மாதிரி பெண்கள். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், தெரியுமா? அம்மா அழுதாளாம், இவளும் கூட உட்கார்ந்து அழுதாளாம், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லையாம். அந்த வகுப்பை விட்டுவிட்டு வருகிறேனா என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவேளை 'வருகிறேன்' என்றுகூடச் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேனோ என்னவோ. இப்போது அது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

நான் லுவோயாங் வரவில்லை. இது என் முடிவு. பள்ளியில் என் பெயரை அடிக்கச் சொல். கட்டிலை வேறு குழந்தைக்குக் கொடு.

இனி உன் முடிவு. ஒரே ஒரு வழி இருக்கிறது, சுலபமான வழி இல்லை. ஆலை வேலையை விட்டுவிட்டு வா. உனக்கு இங்கே ரேஷன் இருக்காது, வேலை இருக்காது, முன்மாதிரித் தொழிலாளி ஓடிவிட்டான் என்று அங்கே பேசுவார்கள். என் சம்பளம் இருக்கிறது. அக்கா வீட்டு முன்னறை இருக்கிறது. ஆங்கிலம் கற்க ஊரே அலைகிறது. மாலை வகுப்பு எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். கஷ்டப்படுவோம். கஷ்டம் எனக்குப் பழக்கம்தான், தனியாகப் படுவதற்குப் பதில் சேர்ந்து படலாம்.

ஆகவே கேட்கிறேன். எங்களோடு இருக்க உனக்கு வேண்டுமா? எனக்காக வேண்டாம், மான்மானுக்காக வேண்டாம், ஊர் என்ன சொல்லும் என்பதற்காக வேண்டாம். உனக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் வேண்டும் என்று எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது இரண்டுக்கும் நடுவில் வருகிற பதில்தான்.

நான் இரண்டாவது தடவை கேட்க மாட்டேன்.

யூலிங்


லுவோயாங்,
ஜூலை 8, 1985

அன்புள்ள யூலிங்,

உன் கடிதத்தைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ சொன்னது எல்லாம் உண்மை. உன்னைக் கேட்காமல் உனக்காகத் தலையாட்டியது பெரிய தவறு. மன்னித்துக்கொள். பள்ளியில் உன் பெயரை அடித்துவிட்டேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். இனி உன் வாழ்க்கையில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேலையில்லாத ஒருவனை வீட்டில் வைத்துச் சோறு போடுவது உனக்கு எவ்வளவு பாரம் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆகவே, நான் வருவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். உனக்கும் குழந்தைக்கும் எது நல்லது என்று தோன்றுகிறதோ, அதுவே எனக்கும் சம்மதம். வா என்றால் மறுநாளே வண்டி ஏறுகிறேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். உனக்கு முழு ஆட்டானமி தருகிறேன்.

இந்த முறை சரியாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
பைச்செங்


குன்மிங்,
நவம்பர் 12, 1986

பைச்செங்,

மணவிலக்குத் தாள்களில் நீ கையெழுத்திட்டு அனுப்பியதற்குப் பிறகு நான் உனக்கு எழுதவில்லை. அவற்றில்கூட நீ 'எதிர்ப்பு இல்லை' என்றுதான் எழுதியிருந்தாய். ஒரு வரி எதிர்த்திருக்கலாம்.

கையேடு அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி கேட்டிருந்தாய், இதோடு அனுப்புகிறேன். நீ கேட்டது முட்டைக்கோஸுக்காக, அதைப் பதிப்பகம் வெட்டிவிட்டது. அந்தச் சொல் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'நம்மவர் செய்யும் தவறு' என்ற பகுதியில் இரண்டு குறிப்புகள் எழுதியிருக்கிறேன். பிறருக்காகத் தான் முடிவெடுப்பது முதலாவது. தன் முடிவையும் பிறர் தலையில் வைத்துவிட்டு அதைப் பெருந்தன்மை என்று எண்ணுவது இரண்டாவது. உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அதை எழுதும்போது நானும் நன்றாக இல்லை. அன்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். என் பிடிவாதத்துக்கு அன்று ஒரு பெரிய ஆங்கிலச் சொல் துணைக்குக் கிடைத்துவிட்டது.

எழுதியதற்குக் காரணம் வேறு. புத்தாண்டு விடுமுறையில் அப்பாவைப் பார்க்க வேண்டுமா, உன் இஷ்டம் என்று மான்மானிடம் கேட்டேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே, "அப்பா என்னைப் பார்க்கணும்னு கேட்டாரா?" என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

யூலிங்


லுவோயாங்,
டிசம்பர் 1, 1986

யூலிங்,

மான்மானிடம் இந்த வரியை முதலில் படித்துக்காட்டு: அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். அப்பாவுக்கு வேண்டும்.

இப்போது உனக்கு. புத்தகத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தேன். இரண்டு குறிப்புகளையும் படித்தேன். நீ குத்தவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் நின்றுவிட்டேன்: 'வேண்டுமா என்று அவரைக் கேட்டார்கள், வேண்டும் என்றார்.' எவ்வளவு சின்ன வாக்கியம். உன் முதலாண்டுப் பிள்ளைகள்கூட இதை எழுதிவிடுவார்கள். நான் கல்லூரியில் உன்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன்.

அந்த ஜூனில் நீ கேட்டபோது எனக்கு வேண்டும் என்றிருந்தது. இப்போது யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பயணத்துக்குத் துணிகளைக்கூட எடுத்துவைத்திருந்தேன். 'வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், அது பிச்சை கேட்பதுபோல் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, உன்னை முடிவு செய்யச் சொல்லி அழகாக ஒரு கடிதம் எழுதினேன். அஞ்சல் பெட்டியில் போட்டதும் நல்ல மனிதனாகிவிட்ட நிறைவோடு நடந்து வந்தேன். உன் பதில் வரவில்லை. தாள்கள்தான் வந்தன. அப்போதும், நான் ஒன்று எழுதினால் நீ இன்னொன்று எழுதுவாய், யாராவது இன்னொரு தடவை கேட்பார்கள் என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தேன். உன்மேல் குற்றமில்லை. நீ முன்பே சொல்லியிருந்தாய்.

போனதைத் திருப்பித் தா என்று கேட்க இதை எழுதவில்லை. அதற்கான நேரம் போய்விட்டது, எனக்குத் தெரியும். அதற்காக அழுதேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சமையல்காரர் பார்த்துவிட்டார். "முன்மாதிரித் தொழிலாளி அழலாமா?" என்று கேட்டுவிட்டு, கேட்காமலேயே இன்னொரு கரண்டி கொழுக்கட்டை போட்டார்.

புத்தாண்டுக்கு வருகிறேன். மனைவியைப் பார்க்கத் தரும் விடுமுறை இப்போது எனக்குக் கிடையாது. செங்டு வழியாக டிக்கெட் வாங்கிவிட்டேன், மரப் பெஞ்சுதான். வாங்கிவிட்டுத்தான் ஃபெய்யிடம் போனேன். "விடுமுறை வேணும். மகளைப் பார்க்கணும்" என்றேன். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போட்டார். அவ்வளவுதான், யூலிங். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மான்மான் நிலையத்துக்கு வருவதும் வராததும் அவள் இஷ்டம். வராவிட்டால் நீங்கள் இருக்கும் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் முடிவு. வருவது என் முடிவு.

திறந்தால், அக்கா சாப்பிடச் சொல்வார். இன்னொரு கிண்ணம் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்பார். போடுங்க என்பேன். கேட்க மறந்துவிட்டால், கிண்ணத்தை நானே நீட்டுகிறேன்.

பைச்செங்